ஐம்பதுக்கும் ஐம்பத்தொன்றுக்கும் நடுவில்



இந்தப் பதிவு கொஞ்சம் வறட்சியான சமாச்சாரம் பற்றியது. அரசாங்க டெண்டர், விதிமுறை, சதவீதம் என்று வரிசையாக வரும். சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே அப்பீட் ஆகிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பி.காம். படிக்கிற என் வகுப்புத் தோழர்கள் கட்டாயம் உட்கார்ந்து படிக்கவும். கூட்டாண்மைச் சட்டம் 1932 என்று நாம் மனப்பாடம் செய்து கக்கினோமே, அது நிஜ வாழ்க்கையில் எங்கே வந்து இடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மேட்டர் இதுதான். எங்கள் சித்தப்பாவும் அவருடைய கூட்டாளியும் நாகல்நகர் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறார்கள். குடோன் பூட்டு, ஷட்டர் பூட்டு, கூடவே இரும்பு பீரோ. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். 2009-ல் ஆரம்பித்தது. பத்திரத்தில் ஆளுக்குப் பாதி, சரியாக 50:50. சித்தப்பா பட்டியல் சாதி. கூட்டாளி முஸ்லிம், பேகம்பூர்க்காரர். அவரை நான் பாய் மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். சித்தப்பாவுக்குக் கைவேலை தெரியும், சின்ன வயசிலேயே பட்டறையில் சேர்ந்து அரம் பிடித்துச் சாவி ராவியவர். பாய் மாமாவுக்கு வியாபாரம் தெரியும், ஆரம்பத்தில் போட்ட பணத்தில் பெரும்பங்கு அவருடையது. ஒருவருக்குக் கை, ஒருவருக்குக் காசு. அதனால் பாதிப் பாதி. பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்தப் பாதியைப் பற்றி யாரும் பேசியதே இல்லை.

இப்போது பேச வேண்டி வந்துவிட்டது. ஏனென்றால் அரசாங்கத்தின் கணக்கில் பாதி என்பது போதாது. 51 வேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 11-வது பிரிவின் கீழ், மத்திய அரசு 2012 மார்ச் மாதம் ஒரு கொள்முதல் கொள்கை ஆணை போட்டது. மத்திய அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாம் தாங்கள் ஒரு வருஷத்தில் வாங்குகிற பொருள், சேவைகளில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அந்த இருபதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது மொத்தத்தில் 4 சதவீதம், பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி உரிமையாளர்களின் நிறுவனங்களுக்கு. முதல் மூன்று வருஷம் 'முயற்சி செய்யுங்கள்' என்ற அளவில் இருந்தது, 2015 ஏப்ரலில் இருந்து கட்டாயம். 2018 நவம்பரில் 20-ஐ 25 ஆக்கினார்கள், பெண்களின் நிறுவனங்களுக்கு 3 சதவீதம் சேர்த்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடிக்கான 4 அப்படியே இருக்கிறது.

சரி, ஒரு நிறுவனம் 'பட்டியல் சாதிக்காரருடைய நிறுவனம்' என்று எப்படித் தீர்மானிப்பது? மூன்று வகை சொல்லியிருக்கிறார்கள்.

தனி உரிமையாளர் என்றால், அந்த உரிமையாளர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியாக இருக்க வேண்டும்.

கூட்டாண்மை என்றால், பட்டியல் சாதி, பழங்குடிக் கூட்டாளிகளின் பங்கு குறைந்தது 51 சதவீதம்.

பிரைவேட் லிமிடெட் என்றால், பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனர்களிடம் குறைந்தது 51 சதவீதப் பங்குகள்.

அவ்வளவுதான். பார்க்க ரொம்ப எளிமை. தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழ், கூட்டாண்மைப் பத்திரம், உத்யம் பதிவு மூன்றும் கையில் இருந்தால் போதும். (பழங்குடி என்றால் சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர்.) உத்யம் என்பது 2020 ஜூலையில் வந்த ஆன்லைன் பதிவு. அதற்கு முன் 2015-ல் இருந்து உத்யோக் ஆதார் இருந்தது, அதற்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் போய் மனு கொடுக்க வேண்டும். சித்தப்பா மூன்றையும் பார்த்தவர். "பேரு மாறுது, பட்டறை அதே எடத்துலதான் இருக்கு" என்பார்.

இன்னொரு நிபந்தனையும் முக்கியம். நீங்கள் பொருளை உற்பத்தி செய்பவராகவோ சேவை தருபவராகவோ இருக்க வேண்டும். வாங்கி விற்கிற வியாபாரிக்கு இந்தச் சலுகை கிடையாது. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்யலாம் என்று அனுமதித்தார்கள், ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டும். இது நியாயம்தான். இல்லாவிட்டால் அலிகாரில் இருந்து பூட்டை லாரியில் இறக்கி, திண்டுக்கல் முகவரி போட்டு டெண்டரில் விற்க எத்தனை நாள் ஆகும்? 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம். பெயரைக் காப்பாற்றச் சட்டம் வந்தது, ஆனால் பட்டறைகள் குறைந்துகொண்டேதான் போகின்றன. அலிகார் பூட்டு விலைக்கு நம் ஆட்களால் கையால் செய்து கொடுக்க முடிவதில்லை. அதனால்தான் ரயில்வே, வங்கி, உணவுக் கழகம் மாதிரி மொத்தமாக வாங்கும் ஆட்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு சதவீதம்

ஆடிட்டர் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டார். "பத்திரத்தை 51:49-னு மாத்திடுங்க. ரெஜிஸ்ட்ரார் ஆஃப் ஃபர்ம்ஸ்ல கொடுத்துட்டு, ஜி.எஸ்.டி.லயும் உத்யம்லயும் அப்டேட் பண்ணிடலாம்."

பாய் மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எழுதிக்க மச்சான். ஒண்ணுதானே? உனக்கு டெண்டர் கிடைச்சா எனக்கும்தான் லாபம்" என்றார். மறுத்தவர் சித்தப்பா! "ஒன்கிட்ட ஒரு ரூவா வாங்குனாலும் கணக்கு எழுதி வச்சவன் நான். ஒரு சதவீதத்த சும்மா எப்படி வாங்குறது?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னது: "நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கும் அப்புறம், எம்புள்ளையும் அவம்புள்ளையும் உக்காரும்போது, 51-ஐ வச்சவன் மொதலாளின்னு நெனச்சுட்டா?"

இந்த இடத்தில்தான் நான் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். (தேர்வுக்குக்கூட இவ்வளவு ஆர்வமாக எடுத்தது இல்லை, ஹி ஹி.)

கம்பெனியில் 51 சதவீதம் என்றால் உண்மையிலேயே அதிகாரம். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் ஓட்டு போதும். இயக்குநரைப் போடலாம், எடுக்கலாம். ஆனால் நம் ஊர்ப் பட்டறைகள் கம்பெனி இல்லை. அவை கூட்டாண்மை. கூட்டாண்மைச் சட்டம் 12-வது பிரிவைப் பாருங்கள். அன்றாட விஷயங்களில் கருத்து வேறுபாடு வந்தால் கூட்டாளிகளில் பெரும்பான்மையோர் முடிவு செய்வார்கள். கவனிக்கவும், *கூட்டாளிகளில்* பெரும்பான்மை. பங்கில் பெரும்பான்மை இல்லை, தலைக்கணக்கு! தொழிலின் தன்மையையே மாற்றுவதென்றால் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை இதுதான் சட்டம்.

ஆக இரண்டே பேர் இருக்கிற கூட்டாண்மையில் 51 வைத்திருப்பவர் 49 வைத்திருப்பவரை மீறி எதுவும் செய்துவிட முடியாது. 51 என்பது லாபத்தில் பங்கு, அவ்வளவே. வருஷத்துக்கு ஆறு லட்சம் லாபம் வந்தால், 50:50-ல் ஆளுக்கு மூன்று லட்சம். 51:49-ல் சித்தப்பாவுக்கு 3,06,000, பாய் மாமாவுக்கு 2,94,000. கைமாறுவது ஆறாயிரம் ரூபாய். மாசத்துக்கு 500.

இதைச் சொன்னதும் சித்தப்பா முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்குத்தான் குழப்பம் ஆரம்பித்தது. மாசம் 500 ரூபாய் கைமாறினால் ஒரு பட்டறை 'பட்டியல் சாதிப் பட்டறை' ஆகிவிடுகிறது. மாறாவிட்டால் அது யாருடைய பட்டறையும் இல்லை. பதினைந்து வருஷம் அரம் பிடித்த கை அப்படியேதான் இருக்கிறது. அப்படியென்றால் இந்த விதி எதை அளக்கிறது?

மற்ற ஊர்க்காரர்கள் எப்படி அளக்கிறார்கள்?

51 என்ற எண் நம் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் சிறுபான்மையினர் நிறுவனம் என்று சான்று வாங்க ரொம்ப நாளாக இதே 51-தான். ஆனால் அவர்கள் கூடவே இன்னொரு கேள்வி கேட்டார்கள்: உரிமை சரி, கட்டுப்பாடு யார் கையில்? அன்றாட நிர்வாகம் யார் பார்க்கிறார்? 49 வைத்திருப்பவர் கையெழுத்துப் போடாமல் காசோலை போகாது என்று இருந்தால், 51 வைத்திருந்தும் கட்டுப்பாடு இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அங்கே ஒரு பிரபலமான வழக்கு உண்டு. ரிச்மண்ட் என்ற ஊரில் நகராட்சி 1983-ல் ஒரு விதி போட்டது. நகராட்சி வேலை எடுப்பவர்கள் அதில் 30 சதவீதத்தைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் கறுப்பினத்தவர், ஆனால் அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் சிறுபான்மையினருக்குப் போன நேரடி ஒப்பந்தம் 0.67 சதவீதம்தான். வழக்கு எதில் வந்தது தெரியுமா? நகரச் சிறைச்சாலைக்கு எஃகுக் கழிப்பறைச் சாதனங்கள் பொருத்துகிற வேலையில்! 1989-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. குறிப்பிட்ட பாகுபாடு நடந்தது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்றது. அதற்குப் பிறகு அங்கே இந்த மாதிரித் திட்டங்களின் அடித்தளமே ஆட்டம் கண்டுகொண்டிருக்கிறது. 2025 அக்டோபரில், இன்ன இனம் என்றாலே பின்தங்கியவர் என்று எடுத்துக்கொள்ளும் அனுமானத்தை அவர்களுடைய போக்குவரத்துத் துறை தன் திட்டத்தில் இருந்து நீக்கிவிட்டது.

இதில் நமக்கு ஒரு சுவாரசியம். நாடு மாறினால் தமிழனின் தகுதியும் மாறுகிறது. 1982-ல் அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினர் மனுப் போட்டு அந்தப் 'பின்தங்கியோர்' பட்டியலில் சேர்ந்தார்கள். அங்கே போன டாக்டரும் இன்ஜினியரும் பட்டியலுக்குள்! தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவர் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்ற சொல்லுக்குள் இந்தியர்களும் வருவார்கள், அதனால் டர்பன் தமிழரும் உள்ளே. மலேசியாவில் 1971-ல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பிறகு பூமிபுத்ராக்களுக்குத்தான் முன்னுரிமை. அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்தவரின் பேரன் வெளியே.

அந்த மலேசியாவிலேயே 'அலி பாபா' என்று ஒரு சொல் உண்டு. ஒப்பந்தம் அலி பெயரில், தொழில் பாபா கையில். அலி மலாய்க்காரர், பாபா சீனர். நம் பாஷையில் சொன்னால் பினாமி. தென்னாப்பிரிக்காவிலும் இதே தொல்லை. 2013-ல் சட்டத்தைத் திருத்தி, பெயருக்கு ஒரு கறுப்பினத்தவரை முன்னால் நிறுத்துவதைக் குற்றமாகவே ஆக்கினார்கள். எங்கே பெயருக்குச் சலுகை கொடுத்தாலும், பெயரை வாடகைக்கு விடுகிறவனும் எடுக்கிறவனும் வந்துவிடுகிறார்கள்.

அப்படிப் பார்த்தால் நம் விதி நேர்மையானவனைத் தடுக்கிறது, பினாமியைத் தடுப்பதில்லை. பணக்காரர் ஒருவர் தன்னிடம் வேலை பார்ப்பவர் பெயரில் 51 எழுதிவைத்தால் காகிதத்தில் தேறிவிடும். கைவேலையும் காசும் நிஜமாகவே சமமாகச் சேர்ந்த பட்டறை 50-ல் நின்றுவிடும்.

வாசலுக்கு வெளியே நிற்பவர்கள்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாய் மாமா ஏன் கணக்கிலேயே வரவில்லை? அவரும் சிறுபான்மைதானே?

மத்தியக் கொள்முதல் கொள்கையில் மதச் சிறுபான்மையினருக்கென்று தனி இலக்கு கிடையாது. கடன் கொடுக்க 1994-ல் தொடங்கிய தேசியச் சிறுபான்மையினர் மேம்பாட்டு நிதிக் கழகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007-ல் இருந்து கல்வியிலும் வேலையிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதாவது அவர் மகன் கல்லூரியில் சேரும்போது அரசாங்கத்தின் கண்ணுக்குப் பிற்படுத்தப்பட்டவர். அவரே டெண்டர் போடும்போது, பொதுவில் ஒருவர்.

கர்நாடகத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். அங்கே 2017-ல் இருந்தே சிறிய அரசுக் கட்டுமானப் பணிகளில் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்ததாரர்களுக்கு 24.1 சதவீதம் ஒதுக்கீடு. 2025 மார்ச்சில் முஸ்லிம்கள் அடங்கிய 2-பி பிரிவுக்கு 4 சதவீதம் கொடுக்கும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். பெரிய ரகளை. ஆளுநர் கையெழுத்துப் போடாமல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

இன்னொரு கூட்டமும் வெளியே நிற்கிறது, நம் மாவட்டத்தில் அவர்கள் நிறையவே உண்டு. 1950-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணைப்படி முதலில் இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களை. கிறிஸ்தவர்களை, முஸ்லிம்களை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சித்தப்பா பட்டறையில் வேலை பார்க்கிற ஒரு அண்ணன் அப்படித்தான். அவர் தனியாகப் பட்டறை போட்டு நூறு சதவீதம் வைத்திருந்தாலும், அந்த 4-க்குள் வர முடியாது. ஊருக்குள் அவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியாது.

உள்ளே போனால் என்ன கிடைக்கும்?

இவ்வளவு பாடுபட்டு 51 ஆனால், அப்புறம் பூட்டு பூட்டாக ஆர்டர் கொட்டுமா? அதுதான் இல்லை.

இலவச டெண்டர் படிவம், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம் என்ற சலுகைகள் எல்லாக் குறு, சிறு நிறுவனங்களுக்கும் உண்டு. சாதி வேண்டாம், 50:50-க்கே கிடைக்கும். விலைச் சலுகை என்று சொல்கிறார்களே, அதுவும் அப்படித்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 2,000 பூட்டுக்கு டெண்டர். மிகக் குறைந்த விலை சொன்னவர் (இதைத்தான் எல்-1 என்பார்கள்) ஒரு பெரிய கம்பெனி, பூட்டு 400 ரூபாய். சித்தப்பா 450 போடுகிறார். 400-க்கு மேல் 15 சதவீதம் என்றால் 460 வரை வரம்பு, சித்தப்பா அதற்குள் இருக்கிறார். சரி, அவருக்குக் கால்வாசி, அதாவது 500 பூட்டு கொடுக்கலாம். ஆனால் 450-க்கு இல்லை! 400-க்கு இறங்கி வந்தால்தான். அப்படியும் அந்த வரம்புக்குள் இன்னொரு சிறு நிறுவனம் இருந்தால் 500-ஐப் பங்கு போட வேண்டும். பூட்டுக்கு 50 ரூபாய் விட்டுக்கொடுக்கிற சக்தி இருக்கிறதா என்பதுதான் அசல் தகுதி விதி.

அப்புறம் அந்த 4 சதவீதம். அது ஒவ்வொரு டெண்டரிலும் உங்களுக்கென்று எடுத்து வைத்த இலை இல்லை. ஒரு அமைச்சகமோ நிறுவனமோ வருஷம் முழுக்க வாங்குவதில் எட்ட வேண்டிய இலக்கு. ஆணையிலேயே ஒரு வரி இருக்கிறது: பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டால், அல்லது நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யாவிட்டால், அந்த 4-ஐ மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். பந்தியில் இலை போட்டாகிவிட்டது, ஆள் வரவில்லை, பக்கத்து ஆளுக்குப் பரிமாறிவிட்டோம் என்கிற கதை. ஆள் ஏன் வரவில்லை என்று தேடிப் போகிற வேலைக்குத்தான் 2016 அக்டோபரில் லூதியானாவில் தேசிய எஸ்.சி.-எஸ்.டி. மையத்தைத் தொடங்கினார்கள். ஆனாலும் ஆணை வந்த முதல் பத்து வருஷத்தில் 4 என்ற இலக்கின் பக்கத்தில்கூட கணக்கு வரவில்லை.

நம் வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கிற கொள்முதலில் பெரும்பகுதி மாநில அரசுடையது என்பதையும் மறக்கக் கூடாது. விடுதி, மருத்துவமனை, மின்வாரியம் எல்லாம் 1998-ம் வருஷத்துத் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி நடப்பவை. மத்திய ஆணையின் 4 அவர்களைக் கட்டுப்படுத்தாது.

என் கருத்து (கேட்காவிட்டாலும் சொல்வேன்)

51 கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏதோ ஒரு இடத்தில் கோடு போட்டே ஆக வேண்டும். 50-ல் போட்டால் 49 வைத்திருப்பவர் வந்து இதே கேள்வியைக் கேட்பார். பட்டியல் சாதிக்காரர் தன் சொந்த இயந்திரத்துக்கு முதலாளியாக வேண்டும் என்பதுதான் இந்த விதியின் நோக்கம். அது சாதாரண நோக்கம் இல்லை. கூலிக்கு அரம் பிடித்த தாத்தாவின் பேரன் பத்திரத்தில் முதல் கையெழுத்துப் போடுவது சின்ன விஷயமா?

ஆனால் கோடு போட்டவர்கள் கோட்டை மட்டும் பார்க்கக் கூடாது, பட்டறைக்குள்ளும் வந்து பார்க்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது, சம்பளம் யார் போடுகிறார், ஆர்டர் யார் எடுக்கிறார் என்று கேட்டால் பினாமி அரை மணி நேரத்தில் மாட்டிக்கொள்வான். அதே பார்வையில், 50 வைத்துக்கொண்டு பட்டறையை ஓட்டுகிற ஆளும் தெரிந்துவிடுவார். அவருக்கு முழுச் சலுகை வேண்டாம், பாதி மதிப்பாவது கொடுக்கலாமே. அவர் விற்கிற 100 ரூபாயில் 50-ஐ அந்த இலக்கில் கணக்கு வைக்கலாம். எட்டாத இலக்கும் கொஞ்சம் எட்டும்.

சரி, பட்டறையில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

மூன்று நாள் பேச்சுக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். 51:49. ஆனால் சும்மா இல்லை. பட்டறையின் மதிப்பை ஆடிட்டரை வைத்துக் கணக்கிட்டு, அந்த ஒரு சதவீதத்துக்கான பணத்தைச் சித்தப்பா தன் கணக்கில் இருந்து பாய் மாமா கணக்குக்கு அனுப்புவார். இது சித்தப்பா போட்ட நிபந்தனை. காசோலையில் இருவர் கையெழுத்தும் வேண்டும். இது ஆடிட்டர் சொன்னது. (அமெரிக்காவாக இருந்தால் இதற்கே தகுதி போயிருக்கும்!) மூன்றாவதாக, மூன்று வருஷத்தில் டெண்டர் எதுவும் கிடைக்காவிட்டால் மறுபடி 50:50 ஆக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அதைச் சேர்க்கச் சொன்னது பாய் மாமாவின் மகன்.

அந்த மூன்றாவது வரியைத்தான் நான் வேண்டாம் என்றேன். திருப்பி வாங்கிக்கொள்ளும் உரிமையோடு கொடுப்பதற்குப் பெயர் கொடுப்பது இல்லை, இரவல். சான்றிதழுக்காக இரவல் வாங்கிய 51-க்கும், அலி பாபா கதையில் வரும் 51-க்கும் என்ன வித்தியாசம்? நிஜமாகக் கைமாறட்டும். பிற்காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து மாற்ற நினைத்தால், அன்றைக்குப் புதுப் பத்திரம் எழுதிக்கொள்ளட்டும். பாய் மாமா மகன் என்னை முறைத்தான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவனுக்கு இந்த 4-ம் கிடையாது, வேறு எந்தக் கணக்கிலும் இடம் கிடையாது, கையில் இருக்கிற ஒன்றையும் விடச் சொல்கிறார்கள். "ஒங்களுக்கு ஒரு லிஸ்ட் இருக்கு, எங்களுக்கு எந்த லிஸ்ட்டு?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இதை எழுதும்போது பத்திரத்தில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை. மூன்றாவது வரியை அடிப்பதா வேண்டாமா என்று அப்பாவும் மகனும் வீட்டில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் என்ன முடிவு எடுத்தாலும் நான் அவனோடு பேசுவதை நிறுத்தப் போவதில்லை, அவனும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் அவன் இடத்தில் இருந்தால் அந்த வரியை அடிப்பீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்.

டிஸ்கி: கூட்டாக ஏதாவது தொழில் தொடங்கப் போகிற நண்பர்கள், பத்திரம் எழுதும் முன் 12-வது பிரிவை ஒரு தடவை படித்துவிடவும். தேர்வில் கேட்கிறார்களோ இல்லையோ, வாழ்க்கையில் கேட்கிறார்கள்.